"எனக்கு வராது" என்று கைவிட்டுவிட்ட பிள்ளைகளைத் திரும்பப் படிக்க வைப்பது எப்படி?

தாய்மாமன் எழுதியது:

வணக்கம். அக்காள் மகனுக்கு 16 வயது. மாலை நேரத்தில் நான்தான் அவனுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். சொல்லிக்கொடுக்கிறேன் என்பதே மிகை. புத்தகத்தைத் திறந்த உடனேயே "எனக்கு வராது மாமா, விடுங்கள்" என்கிறான். அதில் அடமும் இல்லை, கோபமும் இல்லை. வெளியே மழை பெய்கிறது என்பதுபோல அவ்வளவு இயல்பாகச் சொல்கிறான். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தன்னம்பிக்கைப் பேச்சுகளைப் போட்டுக் காட்டினேன். ஒன்றுமில்லாமல் தொடங்கி உயரத்துக்குப் போனவர்களின் கதைகளைச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறான், மறுநாள் அதே பதில். அவன் அப்பா புதிய கைப்பேசி வாங்கித் தருவதாக ஆசை காட்டினார். பிறகு மிரட்டியும் பார்த்தார். எதற்கும் அசையவில்லை.

மந்தமான பையன் இல்லை. கால்பந்துத் தொடரில் எந்த அணி எத்தனை கோல் வித்தியாசத்தில் வென்றால் அடுத்த சுற்றுக்குப் போகும் என்று மனத்திலேயே போட்டுச் சொல்லிவிடுவான். அதுவும் கணக்குத்தானே என்றால் ஒப்புக்கொள்ள மாட்டான்.

கேட்க நினைப்பது இதுதான். முதலில் நம்பிக்கையை ஊட்டிவிட்டுப் பாடத்துக்குப் போக வேண்டுமா, பாடத்திலிருந்தே தொடங்க வேண்டுமா?

மாலைவகுப்பு எழுதியது:

பாடத்திலிருந்தே தொடங்குங்கள் தம்பி. பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கு நெடுங்காலமாக மாலை வகுப்பு எடுத்து வருகிறேன். நம்பிக்கையோடு வந்து உட்கார்ந்த பிள்ளை என்று ஒருவரைக்கூட நினைவில்லை. வருவார்கள், சுவரோரம் உட்காருவார்கள், கேள்வி தம் பக்கம் வந்துவிடக் கூடாதே என்று குனிந்து எதையாவது எழுதிக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் போய் "உன்னால் முடியும்" என்றால் என்ன நடக்கும்? இந்த அம்மாவுக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்றுதான் நினைப்பார்கள். அவர்களிடம் பல ஆண்டு மதிப்பெண் பட்டியல் இருக்கிறது, நம்மிடம் வாய்ச்சொல் மட்டும்தான் இருக்கிறது.

செய்ய வேண்டிய முதல் வேலை, எங்கே அறுந்தது என்று தேடுவது. 16 வயதில் இயற்கணிதம் வராமல் நிற்கிறவனுக்குப் பெரும்பாலும் இயற்கணிதம் சிக்கலாக இருப்பதில்லை. அவன் பத்து வயதில் பின்னத்தில் தொலைந்திருப்பான். அதற்கு மேல் கட்டியது எதுவும் நிற்காது.

ஒரு பெண் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதினாள். மேலே இருப்பதோடு மேலே, கீழே இருப்பதோடு கீழே. மிகப் பரவலான பிழை இது, எந்த வகுப்பிலும் பார்க்கலாம். சிவப்பு மையில் அடிக்காமல் ஒன்று மட்டும் கேட்டேன்: "ஐந்தில் இரண்டு, பாதியைவிடப் பெரியதா, சிறியதா?" ஒரு கோடு கிழித்து ஐந்தாகப் பிரித்துப் பார்த்தாள். "சிறியது." "நீ பாதியில்தானே தொடங்கினாய்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். விடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கூட்டின பிறகு குறையக் கூடாதே" என்று தானே சொல்லி, தானே அடித்தாள். அதே கோட்டை ஆறாகப் பிரிக்கச் சொன்னேன். பாதி என்பது மூன்று துண்டு, மூன்றில் ஒன்று என்பது இரண்டு துண்டு, ஆக ஆறில் ஐந்து. பாராட்ட எனக்கு இடமே கிடைக்கவில்லை, அதற்குள் அடுத்த கணக்கைக் கேட்டுவிட்டாள்.

பிழையை அவளே பிடித்தாள் என்பதைக் கவனியுங்கள். நான் பிடித்திருந்தால் அது அவளுடைய பட்டியலில் இன்னொரு தோல்வியாகச் சேர்ந்திருக்கும்.

இன்னொன்று: கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியபோது விடைகள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி என்பது சொல்லித்தரும் ஆளுக்குத் தாங்க முடியாத நீளம். பழகிக்கொள்ளத்தான் வேண்டும்.

நூலகவாசி எழுதியது:

அம்மா சொன்னதற்கு உளவியலில் வலுவான துணை இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1967இல் உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் இருவரும் நாய்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். (இன்று எந்த நெறிக்குழுவும் அதை எளிதில் அனுமதிக்காது. படிக்கும்போதே மனம் கசக்கும்.) என்ன செய்தாலும் நிற்காத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பிறகு ஒரு சிறு தடுப்பைத் தாண்டினாலே தப்பிக்கலாம் என்ற இடத்திலும் தாண்ட முயலவில்லை. பெரும்பாலானவை அப்படியே படுத்துவிட்டன. இதைத்தான் கற்றுக்கொண்ட கையறுநிலை என்கிறார்கள்.

பலருக்கும் தெரியாத பகுதி அடுத்து வருகிறது. அப்படி முடங்கிய சில நாய்களை மீட்க முயன்று, அதை 1968இல் வெளியிட்டார்கள். கூப்பிட்டுப் பார்த்தார்கள், தடுப்பை எடுத்தார்கள், மறுபக்கம் உணவு வைத்தார்கள். பெரிய பயன் இல்லை. கழுத்துவாரைப் பிடித்து மறுபக்கத்துக்கு மீண்டும் மீண்டும் இழுத்துப் போனபோதுதான் மாறின. தாண்டினால் வலி நிற்கும் என்பதை உடம்பால் அறிந்த பிறகே தாமாகத் தாண்டின.

2016இல் அதே இருவரும் தங்கள் பழைய விளக்கத்தையே திருத்தி எழுதினார்கள். நீண்ட துன்பத்தில் முடங்கிப்போவதுதான் மூளையின் இயல்பான எதிர்வினை. அதைக் கற்க வேண்டியதில்லை. கற்க வேண்டியது "நான் செய்வதால் ஏதோ மாறுகிறது" என்பதைத்தான். மூளை நரம்புகள் பற்றிய பிற்கால ஆய்வுகளிலிருந்து அவர்கள் இதற்கு வந்தார்கள்.

உங்கள் கேள்விக்கான விடை இதிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். நம்பிக்கை வந்து செயல் வருவதில்லை, செயலின் பலனைக் கண்ட பிறகு நம்பிக்கை வருகிறது. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் தன் திறன் மீதான நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது, பிறர் சொல்லும் ஊக்கம், அந்த நேரத்து உடல், மன நிலை. இவற்றில் முதலாவதே மிக வலியது. நாம் என்னவோ மூன்றாவதை மட்டும் வைத்துக்கொண்டு மேடை போடுகிறோம்.

1981இல் பண்டூராவும் டேல் ஷுங்கும் கழித்தலில் பின்தங்கி, அதில் ஆர்வமும் இல்லாத குழந்தைகளுக்கு 42 பக்கப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு குழுவிடம் ஒவ்வோர் அமர்விலும் ஆறு பக்கம் முடிக்கப் பாருங்கள் என்றார்கள். இன்னொரு குழுவிடம் ஏழு அமர்வின் முடிவில் 42 பக்கமும் முடிய வேண்டும் என்றார்கள். இரு குழுவுக்கும் அதே பக்கங்கள், அதே கணக்குகள். முதல் குழுவின் திறமை, நம்பிக்கை, கணக்கின் மீதான விருப்பம் மூன்றும் உயர்ந்தன. தொலைவிலிருக்கும் குறியைக் காட்டிய குழுவுக்கு, குறியே சொல்லாமல் விட்ட மூன்றாம் குழுவைவிடச் சொல்லும்படியான பயன் இல்லை. "இந்த ஆண்டுத் தேர்வில் தேறிவிடு" என்று பையனிடம் சொல்வது இந்த இரண்டாவது வகை.

எதிர்க்கட்சி எழுதியது:

பெயருக்கேற்ப நடந்துகொள்கிறேன். சின்னச் சின்ன வெற்றிகளாகக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற முடிவுக்கு இவ்வளவு வேகமாகப் போகாதீர்கள்.

உளவியலாளர் கரோல் டுவெக் 1975இல் வெளியிட்ட ஆய்வை நூலகவாசி விட்டுவிட்டார். தோல்வி கண்டால் நொறுங்கிவிடும் 12 குழந்தைகள். பாதிப் பேருக்கு எப்போதும் வெற்றி பெறும்படியான கணக்குகளே கொடுக்கப்பட்டன. மீதிப் பேருக்கு இடையிடையே தோற்கும்படி வைத்து, தோற்றதற்கு முயற்சி போதாததுதான் காரணம் என்று காட்டினார்கள். பயிற்சி முடிந்து கடினமான கணக்கு வந்தபோது, வென்று மட்டுமே பழகியவர்கள் முன்போலவே நொறுங்கினார்கள். மற்றவர்கள் தாக்குப்பிடித்தார்கள்.

சிறிய ஆய்வுதான். ஆனாலும் வகுப்பறையில் நாம் காண்பதோடு ஒத்துப்போகிறது. எளிய கணக்காகவே கொடுத்தால் 16 வயதுப் பையன் கண்டுபிடித்துவிடுவான். "இது சின்னப் பிள்ளைகளுக்கானது" என்று அவனுக்குத் தெரியும். அந்த வெற்றி அவன் கணக்கில் சேராது, அவமானக் கணக்கில் சேரும்.

அதே டுவெக்கின் பெயரால் "திறமை வளரக்கூடியது என்று நம்பினால் போதும்" என்று ஒரு பெரிய வியாபாரமே நடக்கிறது. 2018இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், அப்படிப்பட்ட பயிற்சிகளின் சராசரிப் பயன் மிகக் குறைவு என்றே கண்டார்கள்.

கடைசியாக ஒன்று. எல்லோரும் பையனைச் சரிசெய்யும் வழி தேடுகிறீர்கள். மதிப்பெண்ணை வகுப்பு முழுவதும் கேட்கும்படி வாசிப்பதையும், வரிசை போட்டு உட்கார வைப்பதையும் யார் சரிசெய்வது? அடிவாங்கியவனுக்கு மன உறுதிப் பயிற்சி கொடுத்துவிட்டு அடித்தவனை விட்டுவிடுகிறோம்.

நூலகவாசி எழுதியது:

டுவெக் 1975 பற்றிச் சொன்னது சரி. எளிதாக இருப்பது அல்ல, முயன்றால் எட்டும் உயரத்தில் இருப்பதுதான் குறி. பின்ன எடுத்துக்காட்டில் அந்தப் பெண்ணுக்கு விடை முதலில் தவறித்தானே போனது?

2018 தொகுப்பையும் மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஏறத்தாழ 12,000 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பயிற்சி. மதிப்பெண்ணில் பின்தங்கியிருந்தவர்களுக்கு உச்சம் நான்கு புள்ளிக்குச் சற்று மேலான சராசரி மதிப்பெண் அளவில் 0.1 புள்ளி முன்னேற்றம். சிறியதுதான், செலவும் அதற்கேற்பச் சிறியது. சக மாணவர்களின் போக்கு அதற்குத் துணையாக இருந்த பள்ளிகளில்தான் அந்தப் பலன் நிலைத்தது. உங்கள் கடைசிப் பத்திக்கு அது சாதகமான சான்று, வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தொன்பது எழுதியது:

நான் இங்கே வழக்கமாகப் படிப்பதோடு சரி. இதில் மட்டும் எழுதத் தோன்றுகிறது, ஏனென்றால் அந்தப் பையனாக நான் இருந்திருக்கிறேன்.

பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம்: "இது ரொம்பச் சுலபம், பார்." நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். கேட்கிறவன் இடத்திலிருந்து யோசியுங்கள். செய்துவிட்டால் பெருமை இல்லை, சுலபமானதைத்தானே செய்தான். செய்ய முடியாவிட்டால் சுலபமானதுகூட வராத ஆள். இரண்டு பக்கமும் நட்டம். அதற்குப் பதில் "இது கொஞ்சம் குழப்பும், பலரும் இந்த வரியில்தான் தடுக்கி விழுவார்கள்" என்று யாராவது சொன்னால் தோள் இறங்கும்.

பெரிய மனிதர்களின் கதைகளும் எனக்கு எதுவும் செய்யவில்லை. அவர்கள் வேறு ஆட்கள் என்றுதான் பட்டது. எனக்கு உதவியது என்னைவிட ஒரு வயது மூத்த ஒருவன். முந்தின ஆண்டு அதே பாடத்தில் தேறாமல் போனவன். "நானும் இதைப் புரியாமல்தான் மனப்பாடம் செய்தேன், இப்படிப் பார்த்தால் புரிகிறது" என்றான். அவன் நன்றாகவே சொல்லித்தரவில்லை. பாதி தப்புத் தப்பாகச் சொன்னான். இருந்தாலும் அவனுக்கு வந்தது எனக்கும் வரும் என்று தோன்றியது.

"வராது" என்று நாங்கள் சொல்வதை நம்பாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நம்பித்தான் சொல்கிறோம். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால் யாரும் அடுத்த கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

மாலைவகுப்பு எழுதியது:

தம்பி, கடைசி வரியை வகுப்புச் சுவரில் ஒட்டலாம்.

நூலகவாசி எழுதியது:

பத்தொன்பது சொன்னது பண்டூராவின் இரண்டாவது ஊற்று. ஷுங்க், ஹான்சன் இருவரும் 1985இல் கழித்தலில் திணறும் குழந்தைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆசிரியர் செய்து காட்டியதைப் பார்த்தவர்களைவிட, தம் வயதுக் குழந்தை செய்வதைப் பார்த்தவர்களுக்கு நம்பிக்கையும் கூடியது, கணக்கும் கூடுதலாக வந்தது.

வெள்ளைத்தாள் எழுதியது:

நான் மனநல ஆலோசகர். கற்பிக்கும் முறைக்குப் போகும் முன் சிலவற்றைத் தாண்டி வர வேண்டும். கண், காது பரிசோதித்தாயிற்றா? இரவில் எவ்வளவு தூங்குகிறான்? அந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் தேவை. எழுத்துகளையோ எண்களையோ கையாள்வதில் சிறு வயதிலிருந்தே சிரமம் இருந்ததா? கற்றல் குறைபாடு இருக்கும் பிள்ளை பல ஆண்டுகள் சோம்பேறி என்று திட்டு வாங்கியே வளர்ந்துவிடுவது உண்டு. அவர்களுக்கு வேண்டியது ஊக்கம் மட்டுமல்ல, வேறு முறைப் பயிற்சி.

முக்கியமானது: படிப்பில் மட்டும்தான் ஒதுங்கியிருக்கிறானா, எல்லாவற்றிலிருந்துமா? கால்பந்து இன்னும் பிடிக்கிறது என்பது நல்ல அறிகுறி. முன்பு பிடித்தவையும் இப்போது பிடிக்காமல், நண்பர்களையும் விட்டு, சாப்பாடும் தூக்கமும் மாறி, அது வாரக்கணக்கில் நீடித்தால் மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற தொனியில் ஒரு சொல் வந்தாலும் அன்றே பாருங்கள். நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, தயங்காமல் கேளுங்கள்.

தாய்மாமன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கண், தூக்கம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. வீட்டில் சிரிக்கிறான், விளையாடப் போகிறான்.

அறுந்த இடத்தைத் தேடினேன். பின்னம் ஓரளவு தெரிகிறது. கழித்தல் குறிதான் சிக்கல். −3 − 5 என்று எழுதினால் 8 என்கிறான். கேட்டால் "மைனஸும் மைனஸும் சேர்ந்தால் பிளஸ்" என்று சட்டம் சொல்கிறான். அது பெருக்கலுக்கான விதி என்று எத்தனையோ பேர் சொல்லியிருப்பார்கள்.

அப்போதுதான் கோல் வித்தியாசம் (ஓர் அணி தொடரில் போட்ட கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்தால் வருவது) ஞாபகத்துக்கு வந்தது. "ஓர் அணியின் கோல் வித்தியாசம் −3. அடுத்த ஆட்டத்தில் 5–0 என்று தோற்றுவிட்டது. இப்போது என்ன?" என்றேன். யோசிக்காமல் "−8" என்றான். மேலே எழுதியிருந்த 8ஐக் காட்டினேன். மாலைவகுப்பு அம்மா சொன்னபடி வாயை மூடிக்கொண்டேன், மூன்று நொடிக்கும் கூடுதலாகவே. "அது வேறு மாமா" என்றான். பிறகு 8க்கு முன்னால் ஒரு கோடு போட்டான்.

ஒப்புக்கொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. −3 + 5 கொடுத்தேன், அது வென்ற ஆட்டம் என்று தானே சொல்லி 2 எழுதினான். −3 − (−5) கொடுத்தபோது கோல் உதவவில்லை, இருவரும் விழித்தோம்.

இரண்டு கேள்விகள். இப்படிச் சரியாகச் செய்யும்போது என்ன சொல்லிப் பாராட்டுவது? இதைக் கேள்விப்பட்ட அவன் அப்பா, பாடத்துக்கு இவ்வளவு என்று பணம் தருகிறேன் என்கிறார். சரியா?

மாலைவகுப்பு எழுதியது:

−3 − (−5)க்கும் கோல் உதவும். அந்த −3இல் 5–0 என்று தோற்ற ஓர் ஆட்டமும் சேர்ந்திருக்கிறது, அந்த ஆட்டம் செல்லாது என்று நடுவர் குழு அறிவித்துவிட்டது என்று வையுங்கள். அட்டவணையிலிருந்து −5ஐ எடுத்துவிட வேண்டும். எடுத்தால் அணிக்கு லாபமா, நட்டமா? அவனே சொல்வான்.

பாராட்டு என்றால், செய்ததைச் சொல்லுங்கள், ஆளைச் சொல்லாதீர்கள். "நீ கெட்டிக்காரன்" வேண்டாம். "வென்ற ஆட்டம் என்று நீயே மாற்றிப் பார்த்தாய், அதனால் வந்தது" போதும். கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன் அடுத்த கடினமான கணக்கைத் தொட மாட்டான், பெயர் போய்விடுமே.

நூலகவாசி எழுதியது:

முல்லர், டுவெக் இருவரும் 1998இல் கண்டதும் அதுவே. புத்திசாலி என்று புகழப்பட்ட குழந்தைகள் எளிதான வேலையையே தேர்ந்தெடுத்தார்கள். வாங்கிய மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அந்தக் குழுவில்தான் அதிகம்.

பிழையைச் சுட்டும்போதும் ஒரு வழி இருக்கிறது. 2014இல் யேகரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளில் ஆசிரியர் திருத்தங்களோடு ஒரு குறிப்பும் இருந்தது. என் எதிர்பார்ப்பு உயர்ந்தது, அதை நீ எட்டுவாய் என்று தெரியும், அதனால்தான் இவ்வளவு திருத்துகிறேன் என்பது அதன் சாரம். சாதாரணக் குறிப்போடு திருத்தம் பெற்ற கறுப்பின மாணவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான் கட்டுரையை மறுபடி எழுதித் தந்தார். இந்தக் குறிப்பு பெற்றவர்களில் பத்துக்கு ஏழு பேர் எழுதித் தந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் அந்தக் குறிப்போடு உண்மையான, விரிவான திருத்தமும் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. வெறும் இனிப்புப் பேச்சு அல்ல.

பணம் வேண்டாம். 1973இல் லெப்பரும் சகாக்களும் படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளுக்குப் பரிசு தருவதாகச் சொல்லி வரைய வைத்தார்கள். பிறகு அவர்கள் தாமாக வரைவது குறைந்துவிட்டது.

எதிர்க்கட்சி எழுதியது:

ஆசையுள்ள குழந்தைகளுக்கு என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பையனுக்குக் கெடுவதற்கு ஆசை எங்கே இருக்கிறது? ஆர்வமே இல்லாத வேலையில் பரிசு அப்படிக் கெடுப்பதாகப் பொதுவாகக் காணவில்லை. பணத்தை நான் எதிர்ப்பது வேறு காரணத்துக்காக. கைப்பேசிக்கே அசையாதவன் அதற்கும் அசைய மாட்டான். அவனிடம் இல்லாதது காரணம் அல்ல, வழி. வழி தெரியாதவனுக்குப் பரிசைப் பெரிதாக்கினால் தோல்வியின் விலைதான் கூடும்.

கோல் வித்தியாசம் அருமை என்பதை மட்டும் கட்சி கடந்து ஒப்புக்கொள்கிறேன்.

பத்தொன்பது எழுதியது:

ஒரு வேண்டுகோள். இந்த −8 கதையை உறவினர் முன்னால் சொல்லிக் காட்டாதீர்கள். "பாருங்கள், இப்போது கணக்கெல்லாம் போடுகிறான்" என்று ஒருவர் சொன்னால் போதும், அடுத்த நாள் புத்தகத்தைத் திறக்க மாட்டான்.

தாய்மாமன் எழுதியது:

தாமதமான எச்சரிக்கை. அக்காள் ஏற்கெனவே தொலைபேசியில் சொல்லிவிட்டாள். இரண்டு நாள் என் பக்கமே வரவில்லை.

மூன்றாம் நாள் வந்தான், ஆட்டம் செல்லாது என்ற கணக்கைப் போட்டோம். 2 என்று வந்தது. "அப்படியென்றால் இந்த இடத்தில் மட்டும் பிளஸ் ஆகிறதா?" என்று அவனே கேட்டான். அவன் கணக்கில் கேட்ட முதல் கேள்வி இது.

தேர்வு விண்ணப்பத்துக்கு நாள் நெருங்குகிறது. கணிதத்தை இப்போதே எழுத வைப்பதா, அடுத்த முறைக்குத் தள்ளுவதா?

மாலைவகுப்பு எழுதியது:

அவனிடமே கேளுங்கள். பழைய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து, விடை எழுதச் சொல்லாமல், தெரியும், பாதி தெரியும், தெரியாது என்று மட்டும் ஒவ்வொரு கேள்விக்கும் குறியிடச் சொல்லுங்கள். பிறகு "பாதி தெரியும்" என்று குறித்தவற்றை மட்டும் எண்ணுங்கள். இருக்கும் நாளில் அவற்றை முடிக்க முடியுமா என்று இருவரும் உட்கார்ந்து பாருங்கள். தெரியாததை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். முடிவு எதுவானாலும் அவன் கையால் விண்ணப்பம் நிரப்பட்டும்.

தாய்மாமன் எழுதியது:

செய்தோம். நான் நினைத்ததைவிட "பாதி தெரியும்" அதிகமாக இருந்தது. ஆனாலும் கணிதத்தை மட்டும் அடுத்த முறை எழுதுகிறேன் என்கிறான், மற்றப் பாடங்களை இப்போதே. காரணமும் சொன்னான்: வடிவியலில் கைவைக்க நாள் போதாதாம். "வராது" என்று சொல்லவில்லை. அவன் அப்பாவிடம் இதைச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. அதற்கு யாரிடமாவது யோசனை இருந்தால் தாருங்கள்.

எதிர்க்கட்சி எழுதியது:

அதற்குத் தனி இழை தொடங்குங்கள் ஐயா, இதைவிட நீளமாகப் போகும். இப்போதைக்கு ஒன்று: அந்தக் குறியிட்ட வினாத்தாளைப் பையனே அப்பாவிடம் காட்டட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.